கூட்டத்துக்குப் போய்வந்த புத்தகம்

ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். உழைக்கிறவர்கள் மாதாமாதம் கூலியில் கொஞ்சம் பிடித்து ஒரு பொது நிதியில் போடுகிறார்கள். கை ஓய்ந்த பிறகு அது மாதப் பணமாக அவர்களுக்குத் திரும்பி வர வேண்டும். அந்த நிதியைக் காக்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. அந்த ஐந்து பேரும் வருஷத்துக்கு எத்தனை முறை கூடினால் தங்கள் கடமையைச் செய்தவர்கள் ஆவார்கள்?

ஒரு முறையா? நான்கு முறையா? மாதம் ஒன்றாகப் பன்னிரண்டா?

மாதப்பனும் இதே கேள்வியைத்தான் நஞ்சம்மாவிடம் கொண்டுபோனார்.

மாதப்பனுக்கு வயது ஐம்பத்தாறு. நாவல்கொட்டாய் பட்டு நூற்புச் சங்கத்தில் கிடங்குப் பொறுப்பு. ஓய்வு நிதிக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

நஞ்சம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. மலையடிவாரத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவர். காவியும் கிடையாது, மடமும் கிடையாது. ஆனால் சுற்று வட்டாரத்தில் அவரைக் குருவம்மா என்றுதான் சொல்வார்கள். கேள்வியோடு போனால் பதில் சொல்ல மாட்டார், வேலை சொல்வார். வேலை முடிவதற்குள் கேள்வி என்னவோ ஆகிவிடும். மாதப்பன் மூன்று வருஷமாக அவரிடம் போய் வருகிறார். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரைக் குருவாக வைத்திருக்கிறாரே என்று டீக்கடையில் கிண்டல் உண்டு. அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மொபெட்டை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் புழுமனை வாசலுக்கு வந்தார்.

"காலைக் கழுவுங்கணா," என்றது உள்ளிருந்து நஞ்சம்மாவின் குரல். "கையையும் சேர்த்து."

கழுவிவிட்டு உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலுக்கு நேராகச் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஒரு அம்மா மல்பெரித் தழை நறுக்கிக்கொண்டிருந்தார். இருசாயி.

"பயந்துடாத மாதப்பா," என்றார் இருசாயி. "பகல்ல நான் யாரையும் பிடிக்க மாட்டேன்."

மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் இதுதான். இருசாயி சங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் நூல் எடுத்தவர். ஓய்வு பெற்றபின் நிதியிலிருந்து மாதம் பணம் வந்துகொண்டிருந்தது. ஆடி மாதத்தோடு நின்றுபோனது. ஏன் என்று கேட்கப் போனால், சங்கத்துப் புத்தகத்தில் அவர் பெயர் 'காலமானோர்' என்று தலைப்பிட்ட பட்டியலில் இருந்தது. கீழே குழுவின் ஐந்து கையெழுத்து. முதல் கையெழுத்து மாதப்பனுடையது.

"சரி, செத்தேன்," என்றார் இருசாயி, நறுக்குவதை நிறுத்தாமல். "காரியத்துச் சாப்பாட்டுக்காவது எனக்கு ஒரு இலை போட்டிருக்கலாம்ல?"

"அக்கா, தெரியாம நடந்துபோச்சுக்கா. அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டுச் சரி பண்ணிடறோம்."

"அடுத்த கூட்டம் எப்ப?"

"தை மாசம்."

"இது ஐப்பசி," என்றார் இருசாயி. "அதுவரைக்கும் நான் சாகாம இருக்கணும். செத்துட்டா நீங்க எழுதினது சரியாப் போயிடும்."

மாதப்பன் சட்டைப்பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். இருசாயி அதைப் பார்க்கவே இல்லை.

"செத்தவ கை நீட்டி வாங்கக் கூடாது. நீ உள்ள வை."

நஞ்சம்மா தட்டுகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தார். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். "என்னணா, கேள்வி இருக்கா, இல்ல அக்காவப் பாக்க வந்தீங்களா?"

"கேள்விதாம்மா."

"சொல்லுங்க."

"இருசாயி அக்கா மேலதிகாரிக்கு எழுதிப் போட்டுட்டாங்க. மேலிடத்துல இருந்து கடிதம் வந்திருக்கு. உங்க குழு வருஷத்துக்கு எத்தனை முறை கூடுது, இனிமே எத்தனை முறை கூடும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் எழுதணுமாம். எங்க விதிப்படி நாலு. நாலும் தவறினதே இல்ல. புத்தகத்துல இருக்கு. அப்படியும் இந்தத் தப்பு நடந்திருக்கு. அப்ப நாலு பத்தலையா? ஒருத்தர் ஆறுங்கறார். ஒருத்தர் மாசாமாசம்கறார். எழுத்தர் புட்டப்பனும் குழுவுல இருக்கார், அவர் ஒண்ணே போதும், டீச்செலவு மிச்சம்கறார். நீ சொல்லும்மா. எத்தனை?"

நஞ்சம்மா ஒரு மூங்கில் தட்டை எடுத்து அவர் முன் வைத்தார். முந்நூறு புழு இருக்கும். தோலுரிப்பதற்கான மூன்றாவது தூக்கம் முடிந்து அன்றுதான் எழுந்திருந்தன. பசியோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தன.

"இது வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களோடது," என்றார். "எத்தனை முறை வந்து பாக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

"பதில்?"

"வெள்ளிக்கிழமைதானே கேட்டாங்க."

மாதப்பன் ஒழுங்கான மனிதர். காலை ஆறு, பகல் பதினொன்று, மாலை நான்கு என்று மூன்று வேளை வைத்துக்கொண்டார். கடையில் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுத் தேதி, மணி, கையெழுத்து என்று மூன்று பத்தி பிரித்தார். தட்டுக்குப் பக்கத்துத் தூணில் நோட்டை நூல் கட்டித் தொங்கவிட்டார். அன்றே பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் தழை போட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மணி தவறவில்லை. மொபெட் சத்தம் கேட்டால் மணி பார்க்க வேண்டாம் என்று இருசாயி சொன்னார். வருவார், கழுவுவார், தழையைத் தூவுவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். நான்கு நிமிஷம். ஒருநாள் மூன்று.

"புழு எப்படி இருக்குணா?" என்று நஞ்சம்மா கேட்டால், "நல்லா இருக்கும்மா" என்பார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் தழை போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டுத் திரும்பினார். நஞ்சம்மா வாசலில் நின்றார்.

"ஒரு நிமிஷம்ணா. எல்லாம் தழை தின்னுதா?"

"நல்லாத் தின்னுதும்மா."

"இது?"

நஞ்சம்மா தட்டருகே வந்து உள்ளே இரண்டு விரலை விட்டுத் தழைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளம் இல்லை, வெள்ளையாக இருந்தது. மாதப்பன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கையைத் தூர நீட்டிப் பார்த்தார்.

சாக்பீஸ்.

"திங்கக்கிழமை சாயங்காலம் நீங்க போனதும் போட்டேன்," என்றார் நஞ்சம்மா.

இருசாயி எட்டித் தூணிலிருந்த நோட்டை விரலால் தடவி எண்ணினார். "செவ்வா மூணு, இன்னைக்கு ரெண்டு. அஞ்சு கையெழுத்து. அஞ்சு வேளையும் சாக்பீஸுக்குத் தழை போட்டிருக்க மாதப்பா. புழு வளர்க்கறவங்களைப் பார்த்திருக்கேன், வாத்தியாரு சாமானை வளர்க்கறவன் நீ ஒருத்தன்தான்."

நஞ்சம்மாவும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாதப்பன் சிரிக்கவில்லை. சாக்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி எங்கணா?" என்றார் நஞ்சம்மா.

"வீட்டுல. பீரோவுல. எதாவது படிக்கணும்னாதான் எடுப்பேன்."

"கையெழுத்துப் போட?"

"அதுக்கு எதுக்கும்மா கண்ணாடி? எங்க போடணும்னு புட்டப்பன் பெருசாப் புள்ளி வெச்சு அனுப்புவான்."

சொல்லிவிட்டு மாதப்பன் நிறுத்திக்கொண்டார். இருசாயியின் அரிவாள்மனைச் சத்தம் மட்டும் கேட்டது.

மாலை நான்கு மணிக்கு மொபெட் வந்தபோது மூக்கின்மேல் கண்ணாடி இருந்தது. அன்று அவர் உடனே தழையைத் தூவவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் தட்டின் ஓரத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு புழுவாக. இது அசைகிறது. இது தின்கிறது. இது கொஞ்சம் மெலிவு. ஐம்பது, நூறு என்று போனது. கழுத்து வலித்தது.

தட்டின் விளிம்பில் ஒரு புழு மட்டும் தின்னாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. உடம்பு மினுமினுவென்று உப்பியிருந்தது.

"நஞ்சம்மா! இதைப் பாரும்மா. இது ஒரு மாதிரி இருக்கு."

நஞ்சம்மா வந்து எட்டிப் பார்த்தார். "பால்நோய். தோல் கிழிஞ்சா பால் மாதிரி ஒழுகும். அது பட்ட தழையைத் தின்ன எல்லாமும் போயிடும்." குச்சியை அவரிடம் நீட்டினார். "கிழியாம எடுத்துச் சுண்ணாம்புத் தண்ணியில போடுங்க."

மாதப்பன் குச்சியை வாங்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். போட்டார். பிறகு மறுபடி உட்கார்ந்து, மீதித் தட்டையும் கடைசிப் புழுவரை பார்த்தார். இன்னொன்று இல்லை.

எழுந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நஞ்சம்மா டீ கொண்டுவந்தார்.

"நோட்டுல கையெழுத்துப் போடலையேணா."

"அட, ஆமாம். மறந்தே போயிட்டேன்."

"டீ ஆறிடும். குடிங்க," என்றார் நஞ்சம்மா.

வியாழன் காலை மாதப்பன் வந்தபோது தட்டு அமைதியாக இருந்தது. எல்லாப் புழுவும் தலையைத் தூக்கி, அசையாமல், யாரோ பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பதுபோல நின்றிருந்தன. நான்காவது தூக்கம். நஞ்சம்மா மேலே மெல்லியதாகச் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தார். பிள்ளைக்குப் பவுடர் போட்டுப் படுக்க வைத்த மாதிரி இருந்தது.

மாதப்பன் தழைக்கூடையைத் தொடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"தழை போடலையாணா?"

"தூங்குதும்மா. இப்பப் போட்டா மேல கிடந்து அழுகும்."

"போட வேலை இல்லைன்னா எதுக்கு வந்தீங்க?"

"தூங்குதான்னு பாக்கணுமே."

நஞ்சம்மா உள்ளே போனார். பிள்ளை பெற்றவர்களுக்கு இது புதிதில்லை. தூளி ஆடாமல் கிடக்கும்போதுதான் இரண்டு தடவை எட்டிப் பார்ப்போம்.

புழு தூங்கினால் தழை நறுக்கவும் வேலை இல்லை. இருசாயி வாசலில் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மாதப்பன் தட்டைப் பார்த்து முடித்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த நாளாக இருசாயியின் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, கையைக் காட்டுக்கா."

"என்னத்துக்கு? ஜோசியமா? செத்தவளுக்கு என்னடா எதிர்காலம்?"

"காட்டுக்கா."

இருசாயி வலக்கையை நீட்டினார். மாதப்பன் கட்டைவிரலைப் பிடித்து வெயிலில் திருப்பினார். விரல் நுனி வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. பட்டுக்கூட்டைத் தொடுவதுபோல் இருந்தது. அடுத்த விரலும் அப்படியே.

"முப்பத்திரண்டு வருஷம் கொதிக்கிற தொட்டியில கூட்டைத் தேய்ச்சு நூல் முனை எடுத்த விரல்," என்றார் இருசாயி. "ரேகை எல்லாம் சங்கத்துப் பட்டுல போயிடுச்சு. ஆடி மாசம் புட்டப்பன் மெஷினைக் கொண்டாந்து விரலை வைன்னான். வெச்சேன். பீப் பீப்னுது. இன்னொரு தடவை வைன்னான். பத்து விரலையும் வெச்சேன். கால் விரலையும் வெக்கவான்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

உயிரோடு இருப்பதற்கு வருஷத்துக்கு ஒரு முறை ரேகை வைக்க வேண்டும். அது மாதப்பனுக்குத் தெரியும். ரேகை விழாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பது தெரியாது.

எழுந்து மொபெட்டிலிருந்து மஞ்சள் பையை எடுத்து வந்தார். பதில் எழுதுவதற்காகச் சங்கத்திலிருந்து வாங்கி வந்த குழுவின் புத்தகம் அதற்குள்தான் இருந்தது.

இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு நான்கு தடவை புட்டப்பன் தீர்மானங்களை முன்கூட்டியே எழுதி, புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுப் பால் வண்டியில் ஏற்றி அனுப்புவார். அது முதல் வீட்டில் இறங்கும், கையெழுத்து வாங்கும், இரண்டாம் வீட்டுக்குப் போகும். மற்ற நான்கு பேர் வீடும் சுற்றிப் பொழுது சாய்வதற்குள் சங்கத்துக்குத் திரும்பி, புட்டப்பனின் கையெழுத்தையும் வாங்கிவிடும். 'குழு கூடியது. அனைவரும் வந்திருந்தனர்' என்று முதல் வரி எப்போதும் இருக்கும். யாரும் பொய் சொல்வதாக நினைத்ததில்லை. அவரவர்க்கு வேலை, தறி, மாடு, புழு. புத்தகம் எல்லோருக்கும் பதிலாகக் கூடிவிட்டு வரும். பன்னிரண்டு வருஷ வழக்கம்.

மாதப்பன் கண்ணாடியோடு அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

'ரேகை பதியாதோர் / காலமானோர்' என்று ஒரே தலைப்பு. கீழே நான்கு பெயர். அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் மை கலைந்து ஒரு வட்டக் கறை. அவருக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, வாசலில் நின்றபடியே போட்ட கையெழுத்து. பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உன் பேருக்குக் கீழ கெம்பம்மான்னு ஒரு பேரு இருக்கு. அவங்க?"

"அவளா? போன சந்தையில பார்த்தேன். என் வெத்தலைப் பையைப் பிடுங்கிப் பாதியத் தின்னுட்டா. செத்தவளுக்கு அவ்வளவு வாய் இருக்குமா?"

"மத்த ரெண்டு பேரும்?" என்று பக்கத்தைக் காட்டினார் மாதப்பன்.

இருசாயி குரலைத் தாழ்த்தினார். "அவங்க நெசமாவே போயிட்டாங்கப்பா."

மாதப்பன் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போனார். ஒட்டியிருந்த விதிகளை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். உதடு அசைந்தது. ஓரிடத்தில் நின்றது. சத்தமாகப் படித்தார்.

"'குழு ஆண்டுக்கு நான்கு முறைக்குக் குறையாமல் நேரில் கூட வேண்டும். உறுப்பினர் ஒருவருக்குக் குறை நேர்ந்தது தெரியவந்தால் தாமதமின்றிக் கூட வேண்டும்.'"

"அதுல தை மாசம்னு இருக்கா?" என்றார் இருசாயி.

"இல்லக்கா."

"நான் எட்டாவதுதான். நீ பத்தாவது. அதனால உனக்குத்தான் தெரியும்."

மாதப்பன் போனை எடுத்தார்.

"புட்டப்பா, நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கூட்டம்."

"சரிங்கணா. புத்தகம் உங்ககிட்டதானே இருக்கு? பால் வண்டிக்காரன்கிட்ட குடுத்துடுங்க."

"புத்தகம் வராது. நீ வா."

"நானா? எங்கணா?"

"ஆபீஸ்லதான்."

"தை மாசம்தானேணா அடுத்தது?"

"விதியைப் படிச்சேன்."

"விதியையா?" புட்டப்பன் குரலில் உண்மையான கவலை இருந்தது. "எதுக்குணா, உடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு?"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து பேரும் வந்தார்கள். குழுவுக்கென்று வாங்கிய ஐந்து நாற்காலிகள் கிடங்கு மூலையில் பட்டுக்கூட்டு மூட்டைகளுக்கு அடியில் இருந்தன. மூட்டைகளை இறக்கிப் பார்த்தால், வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கிழித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாம அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து இப்பத்தான் பாக்கறேன்," என்றார் ஒருவர். "புட்டப்பா, உனக்கு எப்பய்யா இவ்வளவு நரைச்சுது?"

மாதப்பன் இருசாயியை உள்ளே கூப்பிட்டார். பக்கத்தைத் திறந்து எல்லோர் முன்னும் வைத்தார்.

"முதல் கையெழுத்து என்னோடது," என்றார். "படிக்காமப் போட்டேன். மாத்தணும்."

"மாத்தலாம்ணா, நான் மாட்டேன்னா சொன்னேன்?" என்றார் புட்டப்பன். "ஆனா உயிரோட இருக்காங்கன்னு எதை வெச்சு எழுதறது? மெஷின்ல விரல் பதியலையே. நாளைக்கு யாராவது கேட்டா அத்தாட்சி வேணுமில்ல?"

இருசாயி எழுந்து வந்தார். புட்டப்பன் முன்னாலிருந்த டீ டம்ளரை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். காலி டம்ளரை அவர் முன்னால் வைத்தார்.

"எழுதிக்க."

நால்வரும் சிரித்தார்கள். புட்டப்பனும் கடைசியில் சிரித்துவிட்டு எழுதினார். 'இருசாயி அவர்களைக் குழு நேரில் கண்டது. அவர் உயிரோடும் நலத்தோடும் உள்ளார். நிறுத்திய மாதங்களுக்கும் சேர்த்து இன்றே பணம் தரத் தீர்மானிக்கப்பட்டது.' ரேகை விழாதவர்களை இனி மெஷின் பார்க்காது, குழுவில் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார் என்றும் எழுதினார்கள். கெம்பம்மாவைப் பார்த்து வரும் வேலை புட்டப்பனுக்கே விழுந்தது.

"வெத்தலை வாங்கிட்டுப் போ," என்றார் இருசாயி.

புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. இந்தத் தடவை மெதுவாகத்தான் வந்தது. மூன்றாவது ஆள் ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நான்காவது ஆள் கண்ணாடி இல்லையென்று மாதப்பனுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு மாதப்பன் புழுமனைக்குப் போனார். மொபெட்டில் பின்னால் இருசாயி உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்புச் சுருக்குப்பை கனமாக இருந்தது.

புழுக்கள் எழுந்துவிட்டிருந்தன. பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டுப் புதுசாக, முன்னைவிடப் பெரியதாக, தலையை ஆட்டித் தழை கேட்டன. நஞ்சம்மா அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாதப்பன் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். எல்லாம் எழுதியிருந்தது. எத்தனை முறை என்ற இடம் மட்டும் வெற்றாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஆயிடுச்சும்மா. இங்க என்ன எழுதட்டும்?"

நஞ்சம்மா கையை உதறிக்கொண்டு தூணில் தொங்கிய நோட்டைக் காட்டினார்.

"அதுல எத்தனை கையெழுத்து இருக்குணா?"

மாதப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். "பத்து."

"புழுவை எத்தனை முறை பாத்தீங்க?"

மாதப்பன் பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு," என்றார்.

நஞ்சம்மா ஒரு பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்.

மாதப்பன் கடிதத்தை முக்காலியில் விரித்து வைத்தார். பிறகு எழுதினார். 'நான்கு முறைக்குக் குறையாமல். நேரில்.' கொஞ்சம் யோசித்து, 'தேவை தெரிந்த அன்றும்' என்று சேர்த்தார். எழுதியதைக் கண்ணாடியோடு ஒரு முறை படித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மடிக்கும்போது இருசாயி தழைக்கூடையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

"அடுத்த தடவை கூடறப்ப என்னையும் கூப்பிடு மாதப்பா. நான் கையெழுத்துப் போடற ஆளில்ல, ரேகையும் விழாது. ஒரு ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கறேன்."